எண்ணிச் சில்லுகளைக் கொண்டு துல்லியமான டைமர் மின்சுற்றை வடிவமைத்தல்

பத்து நிமிட இடைவெளியை 555 டைமர் சில்லைக் கொண்டு உருவாக்க முனைந்தால், மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கி 1.1 மடங்காக்கும் வாய்பாட்டின்படி, 1 மெகாஓம் மின்தடையோடு ஏறத்தாழ 545 மைக்ரோஃபாரட் மின்தேக்கி தேவைப்படும். அவ்வளவு பெரிய மின்பகுளி மின்தேக்கியின் மதிப்பு, அதன்மேல் அச்சிடப்பட்டதிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருப்பது சாதாரணம். 9 வோல்ட் மின்வழங்கலில் மின்னேற்றத்தின் இறுதிக் கட்டத்தில் உள்ளே பாய்வது வெறும் 3 மைக்ரோஆம்பியர் என்பதால், மின்தேக்கியின் கசிவே அதை விழுங்கிவிட்டு டைமர் முடியாமலே நின்றுவிடவும் கூடும். நீண்ட நேரத்துக்கு, நிலையான அதிர்வெண்ணுள்ள துடிப்புகளை எண்ணுவதே நம்பகமான வழி.

துடிப்புகளைத் தருவது கைக்கடிகாரங்களில் உள்ள 32,768 ஹெர்ட்ஸ் படிகம். இரண்டின் 15-ஆம் அடுக்கே அந்த எண் என்பதால், பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். துடிப்பை உருவாக்கும் அலையியற்றியும், ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணைப் பாதியாக்கும் 14 படி எண்ணியும் ஒன்றாக அமைந்த சிடி4060 சில்லில், 10, 11 ஆகிய முனைகளுக்கு இடையே 10 மெகாஓம் மின்தடையை இணைக்க வேண்டும்; படிகத்தின் ஒரு காலை 11-ஆம் முனையிலும், மறு காலை 330 கிலோஓம் மின்தடை வழியாக 10-ஆம் முனையிலும் இணைத்து, படிகத்தின் இரு கால்களிலிருந்தும் 22 பிக்கோஃபாரட் மின்தேக்கியை ஒவ்வொன்றாகத் தரைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 330 கிலோஓம் மின்தடையைத் தேவையற்றதெனத் தவிர்க்கக் கூடாது. மிகக் குறைந்த திறனையே தாங்கும் இச்சிறு படிகத்தை அதுதான் காக்கிறது.

படிகத்தைப் பொருத்தியதும் துல்லியம் வந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பிழை பெரும்பாலும் தொடக்கத்தில்தான் நுழைகிறது. சிடி4060-இன் ரீசெட் முனை எண்ணியைச் சுழியாக்குவதோடு அலையியற்றியையும் நிறுத்திவிடும். கடிகாரப் படிகம் மீண்டும் அதிரத் தொடங்கச் சில நூறு மில்லிநொடிகளோ அதற்கு மேலோ ஆகலாம். மாறாக, ரீசெட் செய்யாமல் ஓடவிட்டு அதன் கடைசிப் படியின் 2 ஹெர்ட்ஸ் துடிப்பை எண்ணினால், பொத்தானை அழுத்தும் கணத்தில் அத்துடிப்பு எந்த நிலையில் இருக்கும் என்பது தெரியாததால் அரை நொடி வரை பிழை வரும்.

இரண்டையும் தவிர்க்க, சிடி4060-இன் ரீசெட் முனையான 12-ஐத் தரையோடு இணைத்து அதை ஓயாமல் ஓடவிட்டு, நான்காம் படியின் வெளியீடான 7-ஆம் முனையிலிருந்து 2,048 ஹெர்ட்ஸ் துடிப்பை எடுத்து, முதல் சிடி4040 எண்ணியின் 10-ஆம் முனைக்குக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணியின் பதினொன்றாம் படி, அதாவது 15-ஆம் முனை, நொடிக்கு ஒரு துடிப்பைத் தரும். அது இரண்டாம் சிடி4040-இன் 10-ஆம் முனைக்குச் செல்லும். இரு சிடி4040-களின் ரீசெட் முனைகளையும், அதாவது 11-ஆம் முனைகளை, ஒன்றாக இணைத்துவிட்டால் தொடக்கப் பிழை ஒரு 2,048 ஹெர்ட்ஸ் துடிப்பின் அளவான அரை மில்லிநொடிக்குள் அடங்கிவிடும்.

அடுத்தது நேரத்தைத் தேர்ந்தெடுப்பது. பத்து நிமிடம் 600 நொடி. 600 என்பது 512, 64, 16, 8 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. எனவே இரண்டாம் எண்ணியின் 14, 4, 3, 5 ஆகிய முனைகளை உள்ளீடுகள் அனைத்தும் உயர்ந்தால் மட்டுமே வெளியீடு உயரும், நான்கு உள்ளீடுள்ள சிடி4082 ஆண்ட் கேட்டில் இணைக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 256, 32, 8, 4 ஆகியவற்றுக்குரிய 12, 2, 5, 6 ஆகிய முனைகள். ஒரு மணி நேரத்துக்கு 2048, 1024, 512, 16 ஆகியவற்றுக்குரிய 1, 15, 14, 3 ஆகிய முனைகள். சிடி4040-இன் படிகள் ஒன்றையொன்று தொடர்ந்து மாறுவதால் இடைக்கணத்தில் தவறான எண் தோன்றி கேட் முன்கூட்டியே திறந்துவிடுமோ என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் மேல்நோக்கி எண்ணும்போது அந்த இடைக்கால எண்கள் எப்போதும் முந்தைய எண்ணைவிடச் சிறியவையாகவே இருப்பதால், 600 வருமுன் கேட் உயர வாய்ப்பில்லை.

கேட்டின் வெளியீட்டை நேரடியாக ரீசெட் முனைகளில் இணைப்பது மலிவான குறுக்குவழி. ஒரு எண்ணி சுழியானதுமே கேட் தாழ்ந்து, மற்றது சுழியாகாமல் விடப்படலாம். ஆகவே கொடுத்த நிலையை நினைவில் வைத்திருக்கும் சிடி4013 ஃபிளிப்-ஃபிளாப்பை இடையில் வைக்க வேண்டும். கேட்டின் வெளியீடு ஒரு டயோடு வழியாக செட் முனையான 6-க்கு வரும். அப்போது உயரும் கியூ வெளியீடான 1-ஆம் முனை இரு எண்ணிகளையும் ரீசெட் நிலையில் பிடித்துவைக்கும். நேர்மின் இணைப்புக்குச் செல்லும் பொத்தானை, 10 கிலோஓம் மின்தடையால் தரையோடு பிணைத்த, ஃபிளிப்-ஃபிளாப்பின் ரீசெட் முனையான 4-இல் இணைத்தால், அழுத்தியவுடன் கியூ தாழ்ந்து எண்ணிக்கை தொடங்கும். பொத்தானின் தொடுமுனை அதிர்வு இங்கே பொருட்டே அல்ல, ஏனெனில் முதல் தொடுகையிலேயே வேலை முடிந்துவிடுகிறது. மின்சாரம் வந்தவுடன் டைமர் தானாக ஓடாதிருக்க, செட் முனையிலிருந்து நேர்மின் இணைப்புக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தரைக்கு 100 கிலோஓம் மின்தடையும் தேவை. சிடி4013, சிடி4082 ஆகியவற்றில் பயன்படாத உள்ளீடுகள் அனைத்தும் தரையோடு இணைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு சில்லின் அருகிலும் மின்வழங்கலுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருக்க வேண்டும்.

எண்ணும் நேரம் முழுதும் ரிலே இயங்க வேண்டுமானால், கியூவுக்கு நேரெதிரான கியூ பார் வெளியீடான 2-ஆம் முனையால் 2என்7000 டிரான்சிஸ்டரை இயக்கி, ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடை எதிர்த்திசையில் வைக்கலாம்.

சாதாரணப் படிகத்தின் பிழை மில்லியனுக்கு 20 பங்கு என்றால், 600 நொடியில் அது 12 மில்லிநொடி. அதையும் குறைக்க விரும்பினால், 22 பிக்கோஃபாரட் மின்தேக்கிகளில் ஒன்றை 5 முதல் 30 பிக்கோஃபாரட் வரை மாற்றக்கூடிய டிரிம்மராக்கிச் சரிசெய்யலாம். அளவுக் கருவியின் முனையைப் படிகத்தின்மேல் வைத்தால் அதன் மின்தேக்குதிறனே அதிர்வெண்ணை மாற்றிவிடும் என்பதால், சிடி4060-இன் 7-ஆம் முனையில்தான் அளக்க வேண்டும். மின்சுற்றைச் சோதிக்கப் பத்து நிமிடம் காத்திருக்கத் தேவையில்லை: கேட்டின் நான்கு உள்ளீடுகளையும் தற்காலிகமாக இரண்டாம் சிடி4040-இன் 5-ஆம் முனையில் மட்டும் சேர்த்தால், எட்டே நொடியில் முழுச் சுழற்சியையும் காணலாம்.