கணினி மந்தமா? ட்யூன்-அப் மென்பொருளை எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டக்கூடாது

கணினியைச் சுத்தம் செய்து வேகமாக்குவதாகச் சொல்லும் ட்யூன்-அப் மென்பொருளால் உருப்படியாக ஆகும் வேலைகள் மூன்று: தற்காலிகக் கோப்புகளை அழிப்பது, கணினியோடு சேர்ந்து கிளம்பும் புரோகிராம்களை நிறுத்துவது, வேண்டாத மென்பொருள்களை அகற்றுவது. உங்கள் கணினி மந்தமானதற்கு இவற்றில் ஏதாவது காரணமாக இருந்தால் பலன் உடனே தெரியும். இல்லையென்றால் எத்தனை முறை ஓட்டினாலும் தெரியாது. அதனால் எதையும் இறக்கி நிறுவுவதற்கு முன், எது முட்டுகிறது என்று பாருங்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் நேரத்திலேயே இதைப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும்போது பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சிபியு, மெமரி, டிஸ்க் என்ற பத்திகளின் மேலே சதவீதம் ஓடும். தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் தின்னும் புரோகிராம் மேலே வந்து நிற்கும்.

அடிக்கடி காணக் கிடைப்பது டிஸ்க் முட்டல். பத்தியில் 100% என்று நிற்கும். ஆனால் பக்கத்தில் போகும் வேகமோ நொடிக்கு இரண்டு, மூன்று எம்பிதான். இது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கின் அடையாளம். அதன் ஊசி, தட்டில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அங்கும் இங்கும் ஓடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. பெர்ஃபாமன்ஸ் பகுதியில் டிஸ்க்கைச் சொடுக்கினால் அது ஹெச்டிடியா (இந்தச் சுழலும் டிஸ்க்), எஸ்எஸ்டியா (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) என்று தெரியும்.

மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11-ஐ ஓட்டிக்கொண்டு பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இந்த நிலை வந்தே தீரும்.

சிபியு பகுதியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, அப் டைம், அதாவது கணினி கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஓடிய நேரம். தினமும் ஷட் டவுன் செய்தும் இது பல நாள் கணக்கைக் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும்போது ஷட் டவுன் கணினியை முழுதாக அணைப்பதில்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மற்றொன்று, வேலைப் பளு ஏறும்போது தெரியும் வேகம். அது பேஸ் ஸ்பீடுக்கு (சிபியுவின் அடிப்படை வேகம்) கீழேயே தங்கினால் சூடு காரணமாக இருக்கலாம். தூசி அடைத்த விசிறியை எந்த மென்பொருளாலும் துடைக்க முடியாது.

தொடங்கும் முன்

ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்’ என்று தேடித் திறந்து, சி டிரைவுக்குப் பாதுகாப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். இது விண்டோஸ் அமைப்புகளை மீட்கும். அழிந்த உங்கள் படங்களையும் ஆவணங்களையும் மீட்காது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

டிஸ்க்கின் உடல்நலத்தையும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் ஒருமுறை பாருங்கள். ‘காஷன்’ அல்லது ‘பேட்’ என்று காட்டினால் ட்யூன்-அப் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சாகும் தறுவாயில் உள்ள டிஸ்க்கில் டீஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலை) ஓட்டினால் இருக்கும் கோப்புகளும் போய்விடலாம். முதலில் நகல், பிறகு புது டிஸ்க்.

எந்த மென்பொருள்?

பலருக்குத் தனி மென்பொருளே தேவைப்படாது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் டெம்பரரி ஃபைல்ஸ் பகுதி இருக்கிறது. ஒரே சாளரத்தில் எல்லாம் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் பிசி மேனேஜர் இலவசம். வேறு எதை எடுத்தாலும் அதைத் தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அப்போதும் வைரஸ் பாதுகாப்பை அணைக்காதீர்கள். 2017 ஆகஸ்ட்டில் வெளியான சிகிளீனர் என்ற பிரபல ட்யூன்-அப் மென்பொருளின் 5.33 பதிப்புக்குள் ஊடுருவாளர்கள் தீநிரலைச் செருகியிருந்தார்கள். அது அதிகாரப்பூர்வத் தளம் வழியாகவே பரவியது. பிரவுசரில் திடீரென்று முளைத்து ‘உங்கள் கணினியில் 1,432 பிழைகள்’ என்று மிரட்டும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம்.

அழிக்கும்போது

ஸ்கேன் முடிந்ததும் வரும் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். விண்டோஸின் டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக வரும். டிக் போட்டால் அதில் உள்ள அத்தனையும் போய்விடும். ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்’ பல ஜிபி பிடிக்கும். அழித்தால் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபடும். குக்கீகளை அழித்தால் எல்லாத் தளங்களிலும் மீண்டும் லாகின் செய்ய நேரும். பிரவுசர் கேஷை (தளங்கள் சீக்கிரம் திறக்க பிரவுசர் சேமித்து வைக்கும் நகல்கள்) அழித்தால் தளங்கள் முதல் தடவை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். சி டிரைவ் நிரம்பி வழியும்போது மட்டுமே இந்தச் சுத்தம் வேகத்தைக் கூட்டும். 15, 20 சதவீதம் காலியாக இருந்தால் போதும்.

கணினி திறக்க நேரமாகிறது என்றால் கைவைக்க வேண்டிய இடம் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். டாஸ்க் மேனேஜரிலேயே அந்தப் பகுதி உண்டு. ‘ஹை’ என்று குறித்தவற்றிலிருந்து தொடங்குங்கள். அரட்டைச் செயலிகள், கேம் லாஞ்சர்கள், அப்டேட்டர்கள் ஆகியவற்றை டிசேபிள் செய்யலாம். அதனால் அவை அழிவதில்லை, நீங்கள் திறக்கும்போது திறக்கும். வைரஸ் பாதுகாப்பு, டச்பேட், ஒலி சார்ந்தவற்றை விட்டுவிடுங்கள். ஒரே தடவையில் இருபதை நிறுத்தாமல், நான்கைந்தை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ஏதாவது கோளாறானால் எதனால் என்று அப்போதுதான் பிடிபடும்.

டிக் போடக்கூடாதவை

ரெஜிஸ்ட்ரி கிளீனர் முதலிடம். ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் இடம். விண்டோஸ் தனக்கு வேண்டிய பதிவை நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது. பழைய பதிவுகள் சில நூறு கிடப்பதால் வேகம் குறைவதில்லை. தவறான ஒன்று அழிந்தால் மென்பொருள் திறக்காது, சில நேரம் விண்டோஸே எழாது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது.

ரேம் பூஸ்டர், ஓடும் புரோகிராம்களின் தரவை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த நிமிடம் அந்தப் புரோகிராமுக்குத் திரும்பினால் தரவு மறுபடி டிஸ்க்கிலிருந்து வர வேண்டும், மந்தம் கூடும். புரோகிராம்களை வேகமாகத் திறக்க விண்டோஸ் சேமித்து வைக்கும் ப்ரீஃபெட்ச் கோப்புகளை அழிப்பதும் இதே கதைதான். டிரைவர் (வன்பொருளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அப்டேட்டர் வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டும் கணினி தயாரிப்பாளரின் தளமும் போதும். டீஃபிராக் ஹெச்டிடிக்கு மட்டும். எஸ்எஸ்டிக்கு வேண்டிய ட்ரிம் வேலையை (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று டிஸ்க்குக்குச் சொல்வது) விண்டோஸே வாரம் ஒருமுறை செய்துகொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், ஹெச்டிடியை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். மெமரிதான் முட்டுகிறது என்றால் 8 ஜிபியாக்குங்கள். வாங்கும் முன் ரேம் டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ, மதர்போர்டில் காலி ஸ்லாட் உண்டா, டிஸ்க்கைப் பொருத்தும் இணைப்பு சாட்டாவா எம்.2-வா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அதை மாற்ற வழியில்லை.