மாலத்தீவுக்கு டீச்சர் வேலையா? பெட்டி கட்டுவதற்கு முன்

போன மாதம் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., மெட்ரிக் பள்ளியில் மூன்று வருட அனுபவம். மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"அக்கா, லக்கேஜ் எத்தனை கிலோ விடுவாங்க?"

"அத விடு. பாஸ்போர்ட்ல ஒம்பேரு எப்படி இருக்கு? பட்டத்துல எப்படி இருக்கு?"

"அது எதுக்குக்கா?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை. பத்து வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை இதே குரலில் கேட்ட என் மேல்தான்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் தலைநகர் மாலே. நெல்லையிலிருந்து மெட்ராஸ் போக ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் கிடக்க வேண்டும். இந்தக் கிட்டம்தான் நம்மை ஏமாற்றுகிறது. துபாய்க்குப் போகிறவர்கள் ஆறு மாதம் முன்னாலேயே காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். மாலத்தீவுக்குப் போகிறவர்கள் மட்டும் கன்னியாகுமரிக்குச் சூரியோதயம் பார்க்கப் போகிற மாதிரி கிளம்புகிறார்கள். 1960களில் அங்கே பள்ளிகள் ஆங்கில வழிக்கு மாறத் தொடங்கிய காலத்திலிருந்தே வெளியிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள். தென் மாவட்டங்களில் தெருவுக்கு ஒருவராவது போய் வந்தவர் இருப்பார். அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று ஓர் அலட்சியம்.

பாஸ்போர்ட்டை மறந்து வீட்டில் வைக்காதீர்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார்.

இனிஷியல்

நம் ஊரில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்து நிற்கும். அது அப்பா. யாரும் விளக்கம் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பல்கலைக்கழகப் பட்டம் எல்லாவற்றிலும் அந்த ஒற்றை எழுத்துதான். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட விடமாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். ஆக, சான்றிதழில் 'செல்வி க' என்று இருப்பவள் பாஸ்போர்ட்டில் 'செல்வி கந்தசாமி' ஆகிறாள். சான்றிதழில் கந்தசாமி என்கிற ஆளே கிடையாது. நமக்கு இது ஒரே பெண். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுகிற வேற்று நாட்டு ஊழியருக்கு இரண்டு பெண்கள்.

என் கதை இன்னும் மோசம். பி.ஏ., பி.எட். இரண்டிலும் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தேன். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது வீட்டுக்காரர், பாசமாகத் தன் எழுத்தைப் போட்டுவிட்டார். பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது. அதில் அப்பா பெயர் முழுசாக. போதாததற்கு, என் பெயரில் வருகிற 'ட்சு'வைப் பள்ளிக்கூடத்தில் ஒரு விதமாகவும் கல்லூரியில் வேறு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நான்கு காகிதம், நான்கு மனுஷி.

என்னை அனுப்பிய ஏஜென்டிடம் இதைக் கேட்டேன். கேட்காமல் இல்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம், நம்ம ஆளுங்க எல்லாருக்கும் இப்படித்தான்" என்றார். அந்த 'பாத்துக்கலாம்' என்கிற சொல்லை இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறும். ஃபைல் மாலேக்குப் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு வரிக் கேள்வியோடு திரும்பி வந்தது: இணைத்துள்ள எம்.ஏ. சான்றிதழ் யாருடையது?

அதற்குள் நான் மெட்ரிக் பள்ளி வேலையை ராஜினாமா செய்துவிட்டேன். வழியனுப்பு விழா நடத்தி, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்துவிட்டார்கள். நோட்டரியிடம் ஓடி, இந்த நான்கு பெயருக்கும் உரியவர் ஒரே நபர்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, எல்லாவற்றையும் மறுபடி அனுப்புவதற்குள் பருவம் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்தார். அடுத்த வாய்ப்பு வர ஏழு மாதம் ஆனது. ஏழு மாதமும் அந்தக் கடிகாரம் எதிரே சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன செய்ய வேண்டும்? முதலில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தொடங்கி எல்லாச் சான்றிதழையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். பக்கத்தில் பாஸ்போர்ட். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். வீட்டில் வேறு யாரையாவது படிக்கச் சொல்வது இன்னும் நல்லது, நம் பெயரை நம் கண் சரியாகவே வாசித்துவிடும். வித்தியாசம் இனிஷியல் விரிவு மட்டும்தான் என்றால் 'ஒரே நபர்' பத்திரம் பெரும்பாலும் போதும். எழுத்துப் பிழை என்றால் பல்கலைக்கழகத்தில் திருத்தம் கேளுங்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்று கணக்கு வையுங்கள். பெயரே வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் வழி.

இதையெல்லாம் முத்திரைக்கு அனுப்புவதற்கு முன்னால் முடிக்க வேண்டும். பட்டச் சான்றிதழை முதலில் மாநில அரசு சரிபார்த்து, அப்புறம்தான் வெளியுறவு அமைச்சகம் முத்திரை போடும். தப்பான பெயருள்ள தாளில் முத்திரை வாங்கிவிட்டுப் பிறகு திருத்தினால், செலவு மறுபடி முதலிலிருந்து. அங்கே போன பிறகும் நம் பட்டத்தை எடைபோட மாலத்தீவுத் தகுதி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அங்கேயும் இதே தாள்கள்தான்.

இன்னொன்று. சிலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு எல்லாவற்றையும் முதல் பெயரிலேயே போட்டு வைத்திருப்பார்கள். நாளைக்கு வளைகுடாப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை விடமாட்டோம் என்று சொன்னபோது விமான நிலையத்தில் தவித்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர்! கல்யாணமான பெண்களுக்கும் ஒரு வார்த்தை: பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. படிப்புச் சான்றிதழில் உள்ள பெயரோடேயே இருங்கள். மாமியார் கேட்டால் என்னைக் கைகாட்டுங்கள்.

"டூரிஸ்டா வந்துருங்க, அப்புறம் வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால்

வராதீர்கள்.

ஒரே பெரிய பெட்டி

மாலே வரைதான் நாம் நினைக்கிற பயணம். வேலை மாலேயில் இருக்காது. ஆயிரத்துச் சொச்சம் தீவுகளில் ஏறக்குறைய இருநூறில்தான் குடியிருப்பு, வடக்கிலிருந்து தெற்கு வரை எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது நாடு. உங்களுக்குக் கிடைப்பது அதில் ஏதோ ஒரு முனை. மாலேயிலிருந்து உள்நாட்டு விமானம், அதிலிருந்து இறங்கி ஸ்பீட் போட், சில இடங்களுக்கு தோணி. ஆமாம், அவர்களும் தோணி என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தியாவிலிருந்து வருகிற விமானத்தில் 30 கிலோ தந்திருப்பார்கள். உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 20 கிலோதான். முதல் தடவை நான் மாலே விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, இட்லிக் கொப்பரையைக் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பணம் கட்டுவதா, விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி நீச்சல் கண்ணாடியோடு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கட்டினேன். கொப்பரையின் விலையைவிட அதிகம்.

ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் இரண்டு நடுத்தரப் பைகள். படகிலிருந்து கரைக்குச் சாமானைக் கைமாற்றித்தான் இறக்குவார்கள். 28 கிலோ பெட்டியை நீட்டினால் வாங்குகிறவர் முகத்தைப் பார்க்க முடியாது. சக்கரத்தையும் நம்பாதீர்கள், பல தீவுகளில் தெரு என்பது வெள்ளைப் பவள மணல். உள்ளே துணியை பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள், அலை தெறிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் ஆட்டம் போடும். குமட்டல் மாத்திரையை பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் படகில் தவித்தவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

சான்றிதழ்கள் கைப்பையில். மடியில் இருந்தால் இன்னும் நல்லது.

பிள்ளையார்

மாலத்தீவு இஸ்லாமிய நாடு. வழிபாட்டுச் சிலைகளை உள்ளே கொண்டுபோகத் தடை இருக்கிறது. மது, பன்றி இறைச்சிக்கும் அப்படியே. இது யாருக்கும் ரகசியமில்லை, ஆனாலும் பெட்டி கட்டுவது நாமா? அம்மா, அத்தை, சித்தி எல்லோரும் சேர்ந்துதான். திருவனந்தபுரத்தில் வரிசையில் நிற்கும்போது எங்கள் அம்மா போன் செய்து, "துண்டுக்குள்ள சின்னப் பிள்ளையாரு வச்சிருக்கேன், போனதும் கிழக்கப் பாத்து வச்சுரு" என்றார்கள். அங்கேயே பெட்டியைப் பிரித்து, வழியனுப்ப வந்த தம்பி கையில் பிள்ளையாரைக் கொடுத்தனுப்பினேன். அவர் கன்னியாகுமரிப் பேருந்தில் ஊர் திரும்பினார். பெட்டியைப் பூட்டும் கடைசி ஆள் நீங்களாக இருங்கள், அவ்வளவுதான். மனசுக்குள் கும்பிடுவதை எந்த ஸ்கேனரும் பிடிக்காது.

மருந்து

சீட்டோடு, அதன் அட்டையோடு. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாதிரியான வலி மாத்திரை எதையும் "எனக்குத்தானே" என்று அள்ளிப் போடாதீர்கள். அவசியமென்றால் அங்குள்ள உணவு, மருந்து ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

இலக்கணப் புத்தகத்தைச் சுமப்பது

ஆங்கில ஆசிரியர்களுக்கே உரிய வியாதி இது. நான் ஆறு கிலோ இலக்கணமும் பயிற்சி நூலும் சுமந்து போனேன். பள்ளியில் பாடநூல் இருந்தது, நகல் எடுக்கும் இயந்திரம் இருந்தது. மேல் வகுப்புப் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் தேர்வு. அதன் பழைய வினாத்தாள்களை லேப்டாப்பில் இறக்கி எடுத்துப் போயிருந்தால் எடையே இல்லை. இணையம் படுத்துவிடும் நாளும் உண்டு என்பதால் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள்.

உண்மையில் கைகொடுத்தது என்ன தெரியுமா? என் கைப்பையில் கசங்கிக் கிடந்த அரசுப் பேருந்து டிக்கெட்டுகள், ஒரு ரயில் கால அட்டவணை, தங்கச்சி கல்யாணப் பத்திரிகை. ரயிலையே பார்க்காத பிள்ளைகள். மலை கிடையாது, ஆறு கிடையாது. நதி என்று பாடத்தில் வந்தால் அது எங்கே முடியும், கடல் மாதிரி உப்பாக இருக்குமா என்று கேட்டார்கள். தாமிரபரணியின் நாலு படத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாடம் ஓடியது.

போவதற்கு முன் அவர்கள் மொழியை ஒரு வாரமாவது எட்டிப் பாருங்கள். திவேஹி, சிங்களத்துக்குச் சொந்தம். எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுத வேண்டும், முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை. இது தெரியாமல்தான் நான் ஒன்றாம் வகுப்பில் நோட்டைப் பின்பக்கமாகத் திறந்த பையனை அதட்டினேன். அவன் காலையில் திவேஹி வகுப்பில் சரியாகத்தான் திறந்திருந்தான்.

வார விடுமுறை

வெள்ளி, சனி. ஞாயிறு காலையில் வகுப்பு நடக்கும்போது ஊரிலிருந்து போன் வரும். இப்போதே சொல்லி வையுங்கள்.

பிளக்

சதுர முள் வைத்த பிரிட்டிஷ் வகை. ஒரு அடாப்டர், ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை போதும்.

சம்பளத்தை அப்படியே ஊருக்கு அனுப்பிவிடலாம் என்ற கணக்கு

சம்பளம் ருஃபியாவில். அதை நம் ஊரில் எங்கும் மாற்ற முடியாது, அங்கே டாலருக்கு எப்போதும் தட்டுப்பாடு. 1974இலிருந்து மாலேயில் பாரத ஸ்டேட் வங்கி இருக்கிறது. ஆனாலும் வங்கி வழியாக எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு உச்சவரம்பு வரும், மாறும். நகைக்கடன் தவணையை முதல் மாதத்திலிருந்தே இந்தச் சம்பளத்தில் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சம்பளத்தில் எந்தப் பகுதி டாலராகக் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். முதல் இரண்டு மாதச் செலவுக்கு டாலர் கையில் இருக்கட்டும்.

சமையல்

அரிசி, தேங்காய், மீன் பற்றிக் கவலை வேண்டாம். நம் ஊர்க் கடையில் மாசி என்று விற்கிற கருவாடு பிறக்கிற இடமே அதுதான். சைவக்காரர்கள்தான் திண்டாடுவார்கள். சின்னத் தீவுகளில் காய்கறி சப்ளைப் படகு வருகிற நாளில் கிடைப்பதோடு சரி. உளுந்து, சாம்பார்ப் பொடி, புளி எடுத்துக்கொள்ளுங்கள். குக்கர் எல்லோரும் கொண்டுவருகிறார்கள், கேஸ்கெட் ஒன்றுக்கு இரண்டாக யாரும் கொண்டுவருவதில்லை. தீவில் அது தேய்ந்தால் அடுத்த விடுமுறை வரை அது வெறும் பாத்திரம்.

ஊறுகாய்

கண்ணாடி பாட்டிலில் வேண்டாம். என் எம்.ஏ. சான்றிதழின் ஓரத்தில் இன்னும் நார்த்தங்காய்க் கறை இருக்கிறது.