சார்ஜருக்குள் ஒரு குடமும் ஓர் அண்டாவும்

வீட்டில் பழுதான சார்ஜர் இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று தேடிக்கொள்ளுங்கள்; திறந்து உள்ளே பார்க்கப் போகிறோம். மின் இணைப்பிலிருந்து கழற்றிய பிறகே திறக்க வேண்டும். 230 வோல்ட் ஏசி, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகளைத் தாண்டி, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். எனவே முதல் வேலை, அதன் இரு கால்களையும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, கை படாமல் சில நொடிகள் இணைப்பது. மீட்டரில் பூஜ்ஜியம் வந்தபின் தொடருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். நான் ஒன்றின் முனையைக் கருக்கியிருக்கிறேன்.

அடுத்து, மஞ்சள் டேப் சுற்றிய கட்டியைப் பாருங்கள். அதுதான் ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர். பெயரை நம்ப வேண்டாம். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இரு சுருள்களிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் ஓடும். இதில் மாறி மாறித்தான் ஓடும். தெருவில் தண்ணீர் லாரி நிற்கும்போது குடத்தில் பிடிக்கிறோம், பிறகு உள்ளே போய் அண்டாவில் ஊற்றுகிறோம் அல்லவா? மாஸ்ஃபெட் என்னும் மின்னணு சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும்போது முதல் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது; இரண்டாம் சுருளின் டையோடு தடுத்து நிற்கிறது. குடம் நிரம்புகிறது. மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும் சுருள்களில் மின்னழுத்தத்தின் திசை புரள்கிறது, டையோடு வழிவிடுகிறது, ஆற்றல் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் என்னும் அண்டாவுக்குப் போகிறது.

குடம் எங்கே? டிரான்ஸ்ஃபார்மரின் காந்த உள்ளகமான ஃபெரைட்டில் அல்ல, அதன் நடுக்காலில் விட்டிருக்கும் மெல்லிய காற்று இடைவெளியில். ஆற்றலின் பெரும்பகுதி அங்கேதான் தங்குகிறது. அசடு போல இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால் ஃபெரைட் விரைவில் செறிவடையும் (அதற்கு மேல் காந்தமாக முடியாது), மின்னோட்டம் கட்டுமீறும், மாஸ்ஃபெட் வெடிக்கும்.

குடத்தின் அளவையும் கணக்கிடலாம். முதல் சுருளின் தூண்டல் மதிப்பு 1 மில்லி ஹென்றி, உச்ச மின்னோட்டம் 0.5 ஆம்பியர் என்று கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைச் சுருளின் மதிப்பால் பெருக்கிப் பாதியாக்கினால் 0.000125 ஜூல். துளிதான். ஆனால் நொடிக்கு 65,000 நடை நடந்தால் சுமார் 8 வாட்!

அண்டாவின் மட்டம் குறைந்தால் ஒளி வழியாகச் செய்தி கடத்தும் ஆப்டோகப்ளர் முதல் சுருளின் பக்கத்துக்குச் செய்தி அனுப்பும், குடம் பெரிதாகும்.

வழியில் கொஞ்சம் சிந்தும். இரண்டாம் சுருளோடு பிணையாத அந்த ஆற்றல், மாஸ்ஃபெட்டின் மேல் கூர்மையான மின்னழுத்தமாகப் பாயும். அதை ஏந்திக்கொள்ளத்தான் முதல் சுருளின் அருகே ஒரு டையோடு, ரெசிஸ்டர், சிறு கெப்பாசிட்டர் மூன்றும் இருக்கின்றன. மாஸ்ஃபெட் போன சார்ஜரில் புதியதைப் பற்றவைக்கும் முன் இந்த மூன்றையும் மீட்டரில் சோதியுங்கள். டையோடு இணைப்பற்றுப் போயிருந்தால் புதியதும் பிழைக்காது.