கீழக்கரை மத்ரஸாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகளிடம் பழைய அரபு மத்ரஸா என்று சொன்னால், நீல ஓடு பதித்த குவிமாடங்கள்தான் அவர்கள் கண்முன் வரும். அந்த எண்ணத்தோடு இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான கீழக்கரையில் இறங்கினால் ஏமாந்துபோவார்கள். இந்த ஊரின் கல்வி மரபு ஒரே மதிலுக்குள் அடங்கியதல்ல. பள்ளிவாசல், தைக்கா (சூஃபிப் பெரியவர்கள் தங்கி ஓதிக்கொடுத்த இடம்), மத்ரஸா, பெரியவர்களின் அடக்கத்தலங்கள் என்று தெருத்தெருவாகப் பரவிக் கிடக்கிறது. ஆகவே நடக்கத் தயாராகப் போங்கள்.

முதலில் நடுத்தெரு ஜும்மா பள்ளிக்குப் போவது நல்லது. 17ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த கப்பல் வணிகர் வள்ளல் சீதக்காதியோடு சேர்த்துப் பேசப்படும் பள்ளி இது. உமறுப் புலவரை ஆதரித்தவரும், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவரும் அவர்தான். உள்ளே போனதும் அவசரப்படாமல் ஒரு தூணின் முன்னால் நில்லுங்கள். அடியில் சதுரம், மேலே போகப்போகப் பட்டைகள், உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, அதன் நுனியில் கவிழ்ந்து தொங்கும் பூமொட்டு. பாண்டிநாட்டுக் கோயில் மண்டபங்களில் பார்த்துப் பழகிய அதே கைவேலைதான். ஆனால் கோயில் தூணில் தெய்வ உருவம் இருக்க வேண்டிய இடத்தில் இங்கே பூவும் கொடியும் கோலம் போன்ற வடிவங்களும் மட்டுமே இருக்கும். உருவம் கூடாது என்ற கட்டுப்பாட்டுக்குள் சிற்பி எத்தனை விதமாக விளையாடியிருக்கிறான் என்பதைத் தூண் தூணாக ஒப்பிட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால் மினாராவைப் படம் எடுப்பதைவிட இதற்கு அரைமணி நேரம் செலவிடலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: தொழுகையில் முகம் நோக்கும் மக்காவின் திசையான கிப்லா நம் நாட்டில் மேற்கே இருப்பதால் தொழுகைக் கூடத்துக்குள் கிழக்கிலிருந்து நுழைவதே இயல்பாக அமைந்துவிடுகிறது.

அடுத்து அரூஸிய்யா தைக்காவும் மத்ரஸாவும். மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா (1632–1703) இந்த ஊரில் ஓதிக்கொடுத்த காலம் தொட்டு வரும் மரபு, 19ஆம் நூற்றாண்டில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் காலத்தில் கடல் தாண்டியது. 1898இல் மறைந்த அவர் இலங்கையில் பல ஊர்களில் பள்ளிகளும் மத்ரஸாக்களும் எழக் காரணமாக இருந்தவர். அவர் இயற்றிய, கூட்டாக ஓதும் திக்ருத் தொகுப்பான ராத்திபு ஜலாலிய்யாவை இலங்கைப் பள்ளிகளில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த இடம் புதிதாக இருக்காது. உங்கள் வீட்டில் பாட்டி விட்டுப்போன அரபுத்தமிழ்க் கிதாபு ஏதாவது இருந்தால், அதன் சில பக்கங்களைப் போனில் படமெடுத்து வாருங்கள். அரபு எழுத்தில் இருக்கும் அந்தத் தமிழைச் சரளமாக வாசிக்கக்கூடிய ஆலிம்சாக்களை, அதாவது மார்க்கம் கற்ற பெரியவர்களை, தேட இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

நேரம் முக்கியம். பாங்கு சொல்லித் தொழுகை முடியும்வரை சுற்றிப் பார்க்கும் பேச்சே வேண்டாம். அரபு மத்ரஸாக்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ரமலானில் நீண்ட விடுமுறை. பிள்ளைகள் ஓதும் சத்தத்தோடு பார்க்க வேண்டுமானால் வேறு நாளில், காலையில் போங்கள். முன்கூட்டியே பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தின் அலுவலகத்தில் சொல்லிவைத்தால் மரியாதையாகவும் இருக்கும், வேலையும் நடக்கும். பெண்கள் தொழுகைக் கூடத்துக்குள் போகலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. மாணவர்களைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

மதுரை விமான நிலையத்திலிருந்து இராமநாதபுரம் வழியாகக் கீழக்கரைக்குக் காரில் சுமார் மூன்று மணி நேரம். இராமநாதபுரத்திலிருந்து 17 கிலோமீட்டர்தான், பஸ்ஸும் உண்டு. இராமநாதபுரத்திலேயே தங்குவது வசதி; வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்போர் விசா நகலையும் கையில் வைத்திருங்கள், விடுதியில் கேட்பார்கள். திரும்பும்போது தொதல் என்ற இனிப்பை வாங்காமல் வராதீர்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய அதை நன்றாகப் பொதிந்து தரச் சொல்லுங்கள், எண்ணெய் கசியும்.

மத்ரஸாவுக்கு நன்கொடை கொடுக்கப் பலருக்கும் கை நீளும். இந்தியக் குடியுரிமை இல்லாதவர் கொடுப்பது, ரூபாயாகக் கொடுத்தாலும், சட்டப்படி வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான பதிவு இல்லாமல் நிறுவனம் வாங்கினால் சிக்கல் அவர்களுக்கே. பதிவு இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதற்குரிய வங்கிக் கணக்கிலேயே செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.