பாதி நாவலோடு ஊருக்குப் போய் வந்தவர்கள் செய்யும் தவறுகள்

நாவல் எழுதுகிறவர் ஓய்வெடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. குற்றாலத்திலோ ஏற்காட்டிலோ பத்து நாள் எதையும் எழுதாமல், நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருவது நல்லதுதான். பாதியில் நிற்கும் நாவல் அந்தப் பத்து நாளில் கெட்டுப்போவதில்லை. திரும்பி வந்த முதல் வாரத்தில் நாம் செய்கிற காரியங்களால்தான் பெரும்பாலும் கெடுகிறது.

கதை யாருக்கும் மறப்பதில்லை. யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள், யார் சாகப் போகிறார்கள் என்பதெல்லாம் குளிக்கும்போதுகூட ஞாபகத்தில் இருக்கும். மறந்துபோவது நூற்றுக்கணக்கான சின்ன முடிவுகள். கதாநாயகனின் அப்பாவை 'அவர்' என்று எழுதி வந்தோமா, 'அவன்' என்றா? பேச்சு வழக்கை எவ்வளவு அடர்த்தியாக வைத்திருந்தோம்? ஒரு பத்தி சராசரியாக எத்தனை வரி? இவையெல்லாம் தினமும் எழுதும்போது கை தானாகச் செய்பவை. எழுத்தில் கை விட்டுப்போயிற்று என்று நாம் சொல்வது இதைத்தான்.

இதைப் புரிந்துகொள்ளாதவர் செய்யும் முதல் தவறு, முதல் அத்தியாயத்தைத் திறந்து திருத்த ஆரம்பிப்பது. 'சும்மா ஒருமுறை படித்துவிட்டுத் தொடரலாம்' என்றுதான் உட்காருவார். மூன்றாவது வரியில் ஒரு சொல் உறுத்தும், மாற்றுவார். மாற்றியதால் அடுத்த வரி இடிக்கும், அதையும் மாற்றுவார். சாயங்காலம் பார்த்தால் முதல் நான்கு பக்கம் பளபளவென்று இருக்கும், நாவல் மட்டும் அதே இடத்தில் நிற்கும். மறுநாளும் இதே கதை. வேலை செய்த திருப்தி வேறு கிடைத்துவிடுவதால் இதைத் தவறென்றே தோன்றாது, ஆபத்து அதில்தான். இருபது முறை திருத்திய முதல் அத்தியாயமும் எழுதப்படாத பன்னிரண்டாம் அத்தியாயமும் வைத்திருக்கிற நண்பர்கள் எழுதுகிற எல்லோருக்கும் உண்டு.

அதற்காகப் படிக்காமல் தொடர முடியுமா? முடியாது. ஆனால் படிப்பதற்கும் திருத்துவதற்கும் நடுவே ஒரு வேலி வேண்டும். கணினித் திரையில் படித்தால் கை சும்மா இருக்காது. அச்செடுத்துப் படியுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் பிடிஎஃப் ஆக மாற்றி ஃபோனில் படியுங்கள். உறுத்துகிற இடங்களைத் தனி நோட்டில் பக்க எண்ணோடு குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பாதி எழுதிய நாவலில் கடைசி இரண்டு அத்தியாயங்களை மெதுவாகவும் மற்றவற்றை வேகமாகவும் படித்தால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் தபால் துறை வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் நாவலாக எழுதித் தள்ளியவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் உட்காருவார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பதற்கு. அப்புறம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை. 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். கால் மணிக் கணக்கை நாம் விட்டுவிடலாம், அந்த அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தவறு, விட்ட நாட்களுக்கு வட்டி கட்டப் பார்ப்பது. தினம் ஐந்நூறு வார்த்தை எழுதுகிறவர், பத்து நாள் போச்சு, ஐயாயிரம் பாக்கி, ஆகவே இனி தினம் ஆயிரம் என்று கணக்குப் போடுவார். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு நாவல் வந்தாக வேண்டும் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சூடாகும். முதல் நாள் ஆயிரம் வரும். மறுநாள் அறுநூறு. மூன்றாம் நாள் ஏதோ கல்யாணம், எதுவும் வராது. அப்புறம் குற்ற உணர்வில் நாலு நாள் ஃபைலையே திறக்கத் தோன்றாது. முதல் வாரத்தில் வழக்கமானதில் பாதி வந்தால் தாராளம். விட்ட நாளை விட்டதாகவே எழுதிவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று இருக்கிறது, அது தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரியது: போன ஊரின் பேச்சு நாவலுக்குள் வந்துவிடுவது. திருநெல்வேலியில் நடக்கிற கதை. எழுதுகிறவர் பொள்ளாச்சியில் மாமனார் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறார். எட்டாம் அத்தியாயத்தில் 'என்னவே, ஆளையே காணும்' என்று பேசிய பெரியவர் ஒன்பதாம் அத்தியாயத்தில் 'ஏனுங்க' என்கிறார். இது அப்பட்டமாகத் தெரிவதால் பிடித்துவிடலாம். பிடிபடாதவை உறவுச் சொற்கள். அண்ணன் மனைவியை நூறு பக்கம் 'மதினி' என்று கூப்பிட்டவள் திடீரென்று 'அண்ணி' என்பாள். அம்மாவைப் பெற்றவர் 'தாத்தா'வாக இருந்து 'அப்புச்சி' ஆகிவிடுவார். பெரும்பாலான பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்ப்பவர் ஒற்று மிகுமா மிகாதா என்றுதான் பார்ப்பார். மதினி அண்ணியானதைக் கண்டுபிடிப்பது திருநெல்வேலி வாசகர்தான், அதுவும் புத்தகம் வந்த பிறகு.

மருந்து எளிது. ஒவ்வொரு முக்கியப் பாத்திரமும் பேசியதில் ஐந்தாறு வரிகளை ஒரே தாளில் எழுதி, புது உரையாடல் எழுதுவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள். காது பழைய இடத்துக்கு வந்துவிடும். அதே தாளின் பின்பக்கத்தில் பெயர்களின் எழுத்துக்கூட்டல் இருக்கட்டும்: சண்முகமா ஷண்முகமா, சரஸ்வதியா சரசுவதியா. இரண்டும் கலந்துவிட்டால் பிற்பாடு கணினியில் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

காலக் கணக்கும் இங்கேதான் உதைக்கும். ஆடியில் மூன்று மாதம் என்று எழுதியாயிற்று. விடுமுறை முடிந்து வந்து ஐப்பசி மழையில் ஏழாம் மாத வளைகாப்பு வைப்பீர்கள். ஏழாம் மாதம் கார்த்திகையில்தான் வரும். மாதங்களை விரல்விட்டு எண்ணத் தெரிந்த பாட்டிகள் நாவலும் படிக்கிறார்கள். பெரிய எழுத்தாளர்களுக்கும் இப்படி முன்னுக்குப் பின் முரணாகியிருக்கிறது. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், 1887இல் வந்த கதையில் ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சனுக்குக் குண்டடி தோளில் என்றார். 1890இல் வந்த அடுத்த ஹோம்ஸ் நாவலில் காயம் காலுக்கு இறங்கிவிட்டது. நூறு வருஷத்துக்கும் மேலாக ரசிகர்கள் அதற்குச் சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு அப்படிப்பட்ட ரசிகர்கள் வாய்ப்பார்களா என்பது தெரியாது, எனவே முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

போன இடத்தைக் கதைக்குள் திணிப்பதும் உண்டு. அருவியைப் பார்த்துவிட்டு வந்தவர் தன் பாத்திரத்தையும் அருவிக்கு அனுப்புவார். நாவலுக்கு அது தேவையென்றால் ஊருக்குப் போகும் முன்பே தேவைப்பட்டிருக்கும். நோட்டில் எழுதி வையுங்கள், ஒரு சிறுகதைக்காவது ஆகும்.

'மூடு வரட்டும்' என்று காத்திருப்பதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் மூடு வராத நாளில் என்ன செய்வது என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் 1951இல் செய்ததைச் சொல்லலாம். 'ஈஸ்ட் ஆஃப் ஈடன்' நாவலை எழுதியபோது பெரிய நோட்டில் வலப்பக்கம் நாவல், இடப்பக்கம் தன் பதிப்பாசிரியருக்குக் கடிதம். வானிலை, பென்சில், அன்றைக்கு எழுதப்போகும் காட்சி என்று இடப்பக்கத்தில் பேசிவிட்டுத்தான் வலப்பக்கம் போவார். வாட்ஸப்பில் பத்து நாள் செய்திக்குப் பதில் போட்டுக் கையைப் பழக்குவதைவிட இது எவ்வளவோ மேல். விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் வாட்ஸப்பைத் திறந்த பிறகு நாவலைத் திறந்தவர்களை நான் பார்த்ததில்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். எழுதியதை ஆறு வாரம் இழுப்பறையில் பூட்டி வை என்று அமெரிக்க நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் 'ஆன் ரைட்டிங்' புத்தகத்தில் சொன்னாரே என்று பலர் இடைவெளியை நீட்டுகிறார்கள். அவர் சொன்னது முதல் வரைவை முழுதாக முடித்தவர்களுக்கு. பாதியில் இருப்பவர்களுக்கு அதே புத்தகத்தில் அவர் சொல்வது நேர் எதிரானது: தினமும் எழுதாவிட்டால் பாத்திரங்கள் தன் மனதில் நமத்துப்போகிறார்கள் என்கிறார்.

இதில் பாதித் தொல்லை கிளம்பும் நாளிலேயே ஆரம்பிக்கிறது. அத்தியாயத்தை முடித்துவிட்டு நிம்மதியாகப் போகலாம் என்று நினைக்கிறோம். முடித்த அத்தியாயத்துக்குப் பின்னால் வெறும் தாள்தான் இருக்கும். திரும்பி வந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அடுத்து என்ன என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய வேலையை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் வழக்கம். விடுமுறைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். உரையாடலின் நடுவில் நிறுத்துங்கள். அதன் கீழே அடுத்த காட்சி எங்கே, யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு யார் மேல் கோபம், அப்போது மணி என்ன என்று நாலு வரி எழுதிவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள். முழு வாக்கியமாக எழுதுங்கள். 'செல்வி - கடிதம் - கிணறு' என்று அவசரத்தில் எழுதி வைத்தால், திரும்பி வரும்போது செல்வி கடிதத்தைக் கிணற்றில் போட்டாளா, கிணற்றடியில் படித்தாளா என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது.