பழைய கார்ல நீங்களே ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

பத்து பன்னெண்டு வருஷம் ஓடின ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஐ10, சான்ட்ரோ இந்த மாதிரி வண்டி வச்சிருக்கவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல வர்ற ஆசை இது. இன்ஜின் நல்லா இருக்கு, ஏசி நல்லா இருக்கு, ஆனா ஸ்டீரியோ மட்டும் இன்னும் சிடி போடுற காலத்துல நிக்குது. ஒரு 9 இன்ச் ஸ்க்ரீன் மாட்டி மேப் பாத்துக்கிட்டு, ரிவர்ஸ் கேமராவும் போட்டா புது வண்டி மாதிரி இருக்கும்ல? இருக்கும் தான். வேலையும் அவ்வளவு பெரிய கஷ்டம் இல்ல, ஆனா இதுல வர்ற கம்ப்ளைன்ட்ல முக்கால்வாசி செட்டோட கோளாறு கிடையாது, செட்டுக்குப் பின்னாடி இருக்கற வயரிங் கோளாறு. எல்லாரும் ஸ்க்ரீனுக்கு ஒரு மாசம் ரிவ்யூ பாப்பாங்க, வயருக்கு அரை மணி நேரம் குடுக்க மாட்டாங்க.

முதல் தப்பு வாங்கும்போதே நடக்குது. "9 இன்ச் எல்லா வண்டிக்கும் செட் ஆகும்"னு ஆன்லைன்ல போட்டிருப்பான், நம்பாதீங்க. பழைய சிங்கிள் டின் (டின்னா ஸ்டீரியோ சைஸுக்கு உள்ள ஸ்டாண்டர்டு) செட்டோட முகம் 180 மில்லி அகலம் 50 மில்லி உயரம், டபுள் டின்னா அதே அகலத்துல 100 மில்லி உயரம். ஆனா 2011ல வந்த ஸ்விஃப்ட் மாதிரி வண்டில கம்பெனி ஸ்டீரியோ டாஷ்போர்டு ஷேப்புக்கே வார்த்து வச்சிருக்கும், அதைக் கழட்டினா கோணல்மாணலா ஒரு ஓட்டை தான் மிஞ்சும், அந்த மாடலுக்கே உண்டான ஃப்ரேம் இல்லாம எந்த ஸ்க்ரீனும் உக்காராது. அதனால ஸ்க்ரீன் வாங்கறதுக்கு முன்னாடி உங்க மாடல், வருஷம், வேரியன்ட் சொல்லி ஃப்ரேம் இருக்கான்னு கேளுங்க. சென்னைல ஜி.பி. ரோடு பக்கம் போனீங்கன்னா ஃப்ரேமைக் கையில வாங்கி பாத்தே எடுக்கலாம், வண்டிலயே வச்சுப் பாக்க விட்டா இன்னும் நல்லது. டாஷ்போர்டை விட்டு முன்னாடி தள்ளி நிக்கற 10 இன்ச் ஃப்ளோட்டிங் ஸ்க்ரீன் பாக்க கெத்தா தான் இருக்கும், ஆனா சில வண்டில அது ஏசி வென்ட்டை மறைக்கும், இல்லன்னா ஹசார்டு ஸ்விட்ச் கைக்கு எட்டாது. மே மாசத்துல ஏசி காத்து ஸ்க்ரீன் முதுகுல அடிச்சிட்டு இருந்தா யாருக்கு லாபம்?

இன்னொன்னு, சிப் கதை. சீப்பா வர்ற செட்ல ஏசி8227எல்னு ஒரு பழைய சிப் இருக்கும், செட்டிங்ஸ்ல போய் பாத்தா ஆண்ட்ராய்டு 12, 13னு காட்டும், உள்ள ஓடறது பல வருஷம் பழைய வெர்ஷன் தான், வெளிய காட்டற நம்பரை மட்டும் மாத்தி விட்டிருப்பாங்க. கடைல டெமோ பாக்கும்போது வால்பேப்பரைத் தள்ளிப் பாத்துட்டு "ஸ்மூத்தா இருக்கு"ன்னு வந்துடாதீங்க. மேப் ஓடணும், பாட்டு ஓடணும், நடுவுல ஒரு கால் வரணும், அதே நேரத்துல ரிவர்ஸ் கேமராவுக்கு மாறணும். இந்த நாலும் சேர்ந்து திணறாம ஓடினா தான் செட். பட்ஜெட் இருந்தா யூனிசாக் 7862 சிப் போட்டது மாதிரி எட்டு கோர் செட் பாருங்க, இல்லையா, ஆண்ட்ராய்டே வேணாம், பேர் தெரிஞ்ச கம்பெனியோட, போன்ல இருக்கறதை ஸ்க்ரீன்ல காட்டற சாதாரண கார்ப்ளே (ஐபோனுக்கு), ஆண்ட்ராய்டு ஆட்டோ (மத்த போனுக்கு) செட் வாங்கிக்கோங்க, மேப்பும் பாட்டும் போன்ல தானே ஓடப் போகுது. என் ஓட்டு இதுக்கு தான்.

சரி, இப்ப கழட்டற வேலை. பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டாம டாஷ்போர்டுல கை வைக்காதீங்க. ஏர்பேக் உள்ள வண்டின்னா கழட்டிட்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா உக்காருங்க, டீ குடிங்க. உள்ள மஞ்சக் கலர் கப்ளரோ (வயருங்களைச் சேர்த்து சொருகற பிளாஸ்டிக் கனெக்டர்) மஞ்ச டேப் சுத்தின வயரோ பாத்தா அது ஏர்பேக் லைன், அதைத் தொடவே வேணாம், மல்டிமீட்டர் கூட வைக்கக்கூடாது. ஒரு விஷயம், சில வண்டில பேட்டரி கழட்டினா பழைய கம்பெனி செட் திரும்ப செக்யூரிட்டி கோடு நம்பர் கேட்கும், பழசையே திரும்ப மாட்ட வேண்டி வந்தா முழிக்க வேண்டியிருக்கும், அந்த நம்பர் இருக்கற பேப்பர் மேனுவலோட இருக்கான்னு முன்னாடியே தேடி வைங்க.

வெயில்ல காஞ்ச பழைய டாஷ்போர்டு பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. ஸ்க்ரூ டிரைவர் வச்சு நெம்பினா லாக் உடையும், உடையலன்னாலும் பளிச்சுன்னு கோடு விழும். பிளாஸ்டிக் நெம்புகோல் செட் ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, அதை வச்சு கொஞ்சம் கொஞ்சமா சுத்தி வாங்க. நிறைய வண்டில சென்டர் பேனலோட ஹசார்டு ஸ்விட்ச் வயரும் சேர்ந்தே வரும், பேனல் விட்டுடுச்சேன்னு சந்தோஷத்துல ஒரே இழுப்பா இழுத்தா அந்த வயர் அறுந்துடும்.

இப்ப தான் மெயின் மேட்டர். வண்டியோட ஒரிஜினல் கப்ளரை வெட்டாதீங்க. தயவு செஞ்சு வெட்டாதீங்க. "வெட்டிட்டு நேரா முறுக்கி டேப் அடிச்சா அஞ்சு நிமிஷ வேலை சார்"னு சொல்ற ஆளுங்க நிறைய பேர் உண்டு, அஞ்சு நிமிஷ வேலை தான், ஆனா சம்மர்ல மூடி நிறுத்தின வண்டி உள்ள கொதிக்கற கொதியில அந்த கருப்பு இன்சுலேஷன் டேப்போட பசை இளகி வழுக்கிட்டு வந்துடும், உள்ள இருக்கற செம்பு வெளிய தெரியும், பக்கத்துல இருக்கற இரும்பு பிராக்கெட்ல பட்டா ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் சரியில்லன்னா வயரே எரியும். உங்க வண்டி கப்ளருக்கும் புது செட்டோட வயருக்கும் நடுவுல போடற கப்ளர் டு கப்ளர் அடாப்டர் எல்லா பாப்புலர் மாடலுக்கும் கிடைக்குது. அதுலயும் செட் பக்கம் ஜாயின்ட் போட வேண்டி வந்தா சால்டர் வச்சு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி ஒட்டற குழாய்) போடுங்க, இல்ல ஒழுங்கா கிரிம்ப் (கனெக்டரை நசுக்கிப் பிடிக்க வைக்கறது) பண்ணுங்க.

அடாப்டர் வந்தாலும் கண்ணை மூடிட்டு சொருகாதீங்க. செட் பக்கம் கலர் பொதுவா இப்படி இருக்கும்: மஞ்சள் எப்பவும் கரன்ட் வர்ற பேட்டரி லைன், சிவப்பு சாவி திருப்பினா மட்டும் வர்ற லைன், கருப்பு எர்த், ஆரஞ்சு பார்க்கிங் லைட் லைன், நீலம் ஆன்டெனாவுக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ. ஸ்பீக்கர்னா வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கருப்புக் கோடு போட்டது எல்லாம் நெகட்டிவ். ஆனா இது செட்டோட கலர், வண்டியோட கலர் இல்ல! வண்டிக்கு வண்டி அது மாறும். கழட்டின பேட்டரியை இந்த டெஸ்டுக்கு மட்டும் திரும்ப மாட்டிட்டு மல்டிமீட்டர்ல பாருங்க: சாவி ஆஃப்ல 12 வோல்ட் காட்டறது மஞ்சளுக்கு, சாவி போட்டா மட்டும் 12 காட்டறது சிவப்புக்கு. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி வண்டில இந்த ரெண்டும் கப்ளர்ல இடம் மாறியிருக்கும், சிலதுல சாவி லைனே தனி வயரா வராது, கேன் பஸ் (வண்டில உள்ள கம்ப்யூட்டருங்க ஒன்னோட ஒன்னு பேசற வயர்) வழியா தான் சிக்னல் வரும், அதுக்கு டிகோடர் பாக்ஸ் வேணும். ஒவ்வொரு தடவையும் வண்டி ஆஃப் பண்ணா ரேடியோ ஸ்டேஷன், ஈக்வலைசர் செட்டிங் எல்லாம் அழிஞ்சு போகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இந்த மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினதைத் தான்.

சிவப்பு லைன் கிடைக்கலன்னு ரெண்டையும் சேர்த்து பேட்டரி லைன்லயே குடுத்துடறது அடுத்த கூத்து. செட் தூங்கவே தூங்காது. கணக்கு போட்டு பாருங்க, சின்ன வண்டி பேட்டரி 35 ஆம்பியர் அவர் தான், செட் அரை ஆம்பியர் இழுத்தா 70 மணி நேரம், அதாவது மூணு நாள் ஊருக்குப் போய்ட்டு வந்தா வண்டி ஸ்டார்ட் ஆகாது, பேட்டரி பழசுன்னா ரெண்டாவது நாளே கதை முடிஞ்சுடும். சரியா மாட்டின பிறகும் ஒரு தடவை நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுல வச்சு, சாவி எடுத்து, கதவு மூடி, அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க, 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ இருந்தா நிம்மதி. மீட்டர் மாட்டியிருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போய்டும். அதே மாதிரி வண்டி ஃப்யூஸ் அடிக்கடி போகுதேன்னு சிவப்புக் கலர் 10 ஆம்பியரை எடுத்துட்டு மஞ்சக் கலர் 20 போடறது, சிகரெட் பாக்கெட்ல வர்ற ஜிகினா பேப்பரை ஃப்யூஸ்ல சுத்தறது, இதெல்லாம் வண்டிக்கு நீங்களே தீ வைக்கறதுக்கு சமம்.

ஸ்பீக்கர் வயர்ல பலருக்கும் தெரியாத ஒன்னு: ஸ்பீக்கர் நெகட்டிவ்வை பாடி எர்த்ல குடுக்கவே கூடாது. இப்ப வர்ற செட் எல்லாத்துலயும் ரெண்டு முனையிலயும் சிக்னல் ஓடும், எர்த்ல பட்டா உள்ள இருக்கற ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்டும். ஒரு சேனல்ல ரெண்டு ஸ்பீக்கரை பேரலலா ஜாயின் பண்ணாலும் 4 ஓம் 2 ஓம் ஆகி சூடாகி சாகும். எந்த ஜோடி எந்த ஸ்பீக்கர், எது பாசிட்டிவ்னு தெரியலன்னா செட்டைக் கழட்டி வச்சுட்டு ஒரு சாதாரண பென்சில் பேட்டரியை அந்த ரெண்டு முனைல ஒரு செகண்ட் தொட்டு எடுங்க, "டப்"னு ஒரு சத்தம் வரும், கோன் வெளிய தள்ளினா பேட்டரியோட பிளஸ் தொட்ட வயர் தான் பாசிட்டிவ், உள்ள போனா நெகட்டிவ். ஒரு பக்கம் தலைகீழா மாட்டிட்டா ரெண்டு ஸ்பீக்கரும் பாடும் ஆனா பேஸ் காணாம போய்டும், ஆளுங்க ஸ்பீக்கர் சரியில்லன்னு திரும்ப காசு செலவு பண்ணுவாங்க.

பெட்டி மேல 50 வாட் இன்டு 4னு பெருசா போட்டிருப்பான்ல, அது உச்சக்கட்டம். இன்ஜின் ஓடும்போது கிடைக்கறது 14.4 வோல்ட், 4 ஓம் ஸ்பீக்கர், இந்த ரெண்டை வச்சு கணக்கு போட்டாலே சுத்தமான சவுண்டு ஒரு சேனலுக்கு 26 வாட்டைத் தாண்ட வழியே இல்ல, நிஜத்துல ஆர்எம்எஸ் (தொடர்ந்து குடுக்கற பவர்) 14லேர்ந்து 22 தான் வரும். அதனால 100 வாட் ஆர்எம்எஸ் ஸ்பீக்கரை வாங்கி செட்ல நேரா மாட்டி வால்யூமை ஃபுல்லா வச்சா வர்றது சவுண்டு இல்ல, கரகரப்பு. நம்ம ஊர்ல எல்லாரும் முதல்ல பின்னாடி தட்டுல ரெண்டு ஓவல் வைப்பாங்க, எனக்கு அது பிடிக்காது, நீங்க உக்காந்திருக்கறது முன் சீட்ல தானே, முன் கதவு ஸ்பீக்கருக்கு காசு போடுங்க. கதவு பேட் கழட்டும்போது உள்ள ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிச்சு போட்டுடாதீங்க, கண்ணாடி வழியா உள்ள இறங்கற மழைத்தண்ணியைத் தடுக்கறது அது தான். ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி கண்ணாடியை முழுசா இறக்கிப் பாருங்க, மேக்னட் பெருசா இருந்தா கண்ணாடி வந்து இடிக்கும், அப்ப நடுவுல ஸ்பேசர் ரிங் வேணும்.

ஆம்ப்ளிஃபயர் வைக்கறவங்க பவரை ஸ்டீரியோ வயர்லேர்ந்து எடுக்காதீங்க, பேட்டரிலேர்ந்து தனி வயர், பேட்டரிலேர்ந்து ஒன்னரை அடிக்குள்ள ஃப்யூஸ். இன்ஜின் பக்கத்துலேர்ந்து உள்ள வர்ற ஓட்டைல ரப்பர் குரோமெட் (ஓட்டை விளிம்புல மாட்டற வளையம்) இல்லாம வயர் விட்டா தகடு வயரைத் தின்னுடும். எர்த் போடற இடத்துல பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியணும். ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க "கூய்ங்"னு ஒரு சத்தம் கூடவே ஏறுதுன்னா எர்த் சரியில்ல, இல்ல பவர் வயரும் ஆடியோ வயரும் ஒரே பக்கமா ஓடுது. ஒன்னை இடது பக்கம் விட்டா இன்னொன்னை வலது பக்கம் விடுங்க. ஆம்ப்ல இருக்கற கெயின் திருகு செட்லேர்ந்து வர்ற சிக்னலுக்கு ஆம்பை ஒத்துப்போக வைக்கறதுக்கு தான், வால்யூம் கிடையாது, அதை ஃபுல்லா திருப்பி ஸ்பீக்கர் எரிச்சவங்க ஊருக்கு நாலு பேர்.

ரிவர்ஸ் கேமரா வயரோட ரெண்டு முனைலயும் ஒரு மெல்லிசா சிவப்பு வால் இருக்கும், அது எதுக்குன்னு தெரியாம மடிச்சு டேப் அடிச்சுட்டு "ரிவர்ஸ் போட்டா ஸ்க்ரீன் மாறல"ன்னு கேப்பாங்க. பின்னாடி முனையை ரிவர்ஸ் லைட் பாசிட்டிவ்ல, முன்னாடி முனையை செட்டோட ரிவர்ஸ் வயர்ல குடுக்கணும். ஆரஞ்சு வயரையும் விட்டுடாதீங்க, அது இல்லன்னா ராத்திரி ஹைவேல அந்த 9 இன்ச் வெளிச்சம் கண்ணுல அடிக்கும். எஃப்எம் சரியா எடுக்கலன்னா நீல வயர் ஆன்டெனாவுக்குப் போகுதான்னு பாருங்க, ஜிபிஎஸ் தாவுதுன்னா அதோட ஆன்டெனா இரும்புக்கு அடில கிடக்கும். கால்ல குரல் கேக்கலன்னா வெளி மைக் மாட்டுங்க, ஏ பில்லர்ல (முன் கண்ணாடி ஓரத் தூண்) கர்ட்டன் ஏர்பேக் இருக்கற வண்டின்னா அதுக்கு முன்னாடி குறுக்க வயர் இழுக்காதீங்க. ஓட்டும்போது வீடியோ வரணும்னு ஹேண்ட்பிரேக் வயரை எர்த்ல குடுக்கறதைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, அது வேணாம்.

இன்சூரன்ஸை யாரும் யோசிக்கறதே இல்ல. கம்பெனிலேர்ந்து வராத எலக்ட்ரிக்கல் சாமானை பாலிசில தனியா சொல்லி சேர்க்கணும், பழைய டாரிஃப்படி அந்த சாமான் மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், 20,000 ரூபாய் செட்டுக்கு 800 தான் வருது. சேர்க்கலன்னா திருடு போனாலும் எரிஞ்சாலும் அந்த செட்டுக்குக் காசு கேக்க முடியாது.

டாஷ்போர்டை மூடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுப் பாத்துடுங்க: நாலு ஸ்பீக்கரும் தனித்தனியா, எஃப்எம், கால், ரிவர்ஸ், ஸ்டீயரிங் பட்டன், ஹசார்டு, ஏசி திருகு எல்லாம். பழைய வண்டில ஏசி திருகுக்குப் பின்னாடி கேபிள் ஓடும், உங்க வயர் கத்தை அதுல மாட்டிக்கிட்டா சூடு குளிர் மாத்தறது டைட் ஆகிடும், வயரை ஓரமா கட்டி வைங்க. கழட்டின பழைய ஸ்டீரியோ, ஃப்ரேம், ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரு அட்டைப்பெட்டில போட்டு பரண்ல வைங்க, வண்டி விக்கும்போது பழசை மாட்டிட்டு புதுசை நீங்க எடுத்துக்கலாம், கப்ளரை வெட்டாம இருந்தா அதுக்கு அரை மணி நேரம் போதும்.