சொந்தப் பிழை கண்ணில் பட

நாம் எழுதியதை நாமே திருத்தும்போது, தாளில் இருப்பதை விட மனத்தில் இருக்கும் வாக்கியத்தையே படிக்கிறோம். வாசிப்பில் பார்வை ஒரு சொல்லில் நிற்பது ஏறத்தாழ கால் விநாடிதான். அடுத்து வருவது தெரிந்துவிட்டால் அதுவும் குறையும். சின்னச் சொற்களைக் கண் தாண்டியே போய்விடும்.

ஆகவே எழுதியதை ஓர் இரவு ஆறப்போடுங்கள். எழுத்துருவை மாற்றி, எழுத்தின் அளவையும் கூட்டுங்கள். வரிகள் வேறு இடத்தில் முறிந்து, பக்கம் புதிதாகத் தெரியும். பிறகு கடைசி வாக்கியத்தில் தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொன்றாகப் படியுங்கள்.

வாய்விட்டுப் படித்தால் விடுபட்ட சொல்லும் எழுவாயோடு பொருந்தாத வினைமுற்றும் மாட்டும். தமிழில் அது மட்டும் போதாது. ர-ற, ன-ண பலர் பேச்சில் ஒன்றாகவே ஒலிப்பதால் 'அரை', 'அறை' குழப்பம் காதுக்கு எட்டாது. இரண்டும் சரியான சொற்கள் என்பதால் பிழைதிருத்திச் செயலியும் விட்டுவிடும். இவற்றுக்கென்றே தனியாக ஒரு சுற்று பாருங்கள்.

ஒற்றுக்கு இன்னொரு சுற்று: ஐ, கு உருபுகள் வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் இடங்களை மட்டும் பாருங்கள். 'ஊருக்குப் போனான்', 'அவளைக் கண்டேன்' போன்றவை. அங்கே ஒற்று எளிதில் விடுபட்டுவிடும்.